கம்ப்ளெயின்ட் முகவரியிலிருந்து போன கடிதம்

மெயிலக்கா என்பவள் அந்த மெத்தைக் கம்பெனிக்குள் ஒரே ஆள். வெளியில் இருக்கிறவர்களுக்கு அவள் ஆறு ஆள். சேல்ஸ், பர்சேஸ், டெலிவரி, அக்கவுண்ட்ஸ், கம்ப்ளெயின்ட், அப்புறம் அளவு என்று ஆறு ஈமெயில் முகவரிகள். எதற்கு எழுதினாலும் வந்து விழுவது ஒரே பெட்டியில்தான். அந்தப் பெட்டிக்கு எதிரே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் முப்பத்தொன்பது வயதில் மெயிலக்கா. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தையல் பகுதியில் இருக்கிற நாலு பெண்களிடம் கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள்.

ஆறு முகவரி யோசனை அவளுடையது இல்லை. கம்பெனி முதலாளியான அவளுடைய அண்ணனுடையது. மற்றவர்கள் செய்யாத அளவில் மெத்தை செய்வது அண்ணனின் தொழில். லாரியில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகைக்கு, படகின் குறுகலான மூலைக்கு, ஆசைப்பட்டு வட்டக் கட்டில் வாங்கிவிட்டு மேலே போட மெத்தை கிடைக்காமல் தரையில் படுத்திருக்கிற புண்ணியவான்களுக்கு என்று வித விதமாகச் செய்து தருவார்.

"ஒரே ஆளுதான் எல்லாத்துக்கும் பதில் போடுதுன்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்? ஆறு டிபார்ட்மென்ட்னு காட்டு. பெரிய கம்பெனி போலன்னு அவனே ஒதுங்கி நிப்பான்" என்றார் அண்ணன். ஒரே பெட்டிக்கு எத்தனை முகவரி வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், கூடுதலாக ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் இருபது முகவரி கேட்டார்.

"எனக்கு வாய் ஒண்ணுதான்ணே இருக்கு" என்று சொல்லி அவள்தான் ஆறில் நிறுத்தினாள்.

முன்பு அந்த மேஜையில் இருந்தவர் வேறு வேலைக்குப் போனபோது, "ரெண்டு வாரம் பாத்துக்கடி, அதுக்குள்ள ஆள் போட்டுடறேன்" என்று அண்ணன் அவளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஆள் இன்னும் வரவில்லை. இடையில் இரண்டு வரன் வந்தது. முதல் வரன் ஜாதகத்தில் தட்டிப்போயிற்று. இரண்டாவது வீட்டுக்காரர்கள் பொண்ணு ரொம்பச் சத்தமாகச் சிரிக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பு அவர்கள் கார் ஏறும் வரைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகை ஏதாவது வந்தால் மட்டும் பிரித்துப் பார்க்காமல் அண்ணியிடம் கொடுத்துவிடுவாள்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. இதை நான் வாய் நிறையச் சொல்வேன். ஆறு முகவரிக்கும் ஆறு நிறம் கொடுத்திருந்தாள். கம்ப்ளெயின்டுக்கு வந்தது சிவப்பாகத் தெரியும், அளவுக்கு வந்தது பச்சை. எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியிலிருந்து பதில் தானாகப் போகும். புதுக் கடிதம் எழுதினால் மட்டும், எதிலிருந்து போக வேண்டும் என்று நாம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு முகவரிக்கும் கீழே தானாக ஒட்டிக்கொள்கிற முடிவு வரிகள் தனித்தனி. குணமும் தனித்தனி. டெலிவரியில் அவள் கறார். அக்கவுண்ட்ஸில் இரண்டு வரிக்கு மேல் பேசமாட்டாள். கம்ப்ளெயின்டில் வெண்ணெயாக உருகுவாள். ஒரு வாடிக்கையாளர் சேல்ஸுக்கு எழுதினார்: "உங்கள் கம்ப்ளெயின்ட் அம்மாவுக்குச் சம்பளம் உயர்த்துங்கள். அந்த டெலிவரி ஆளை மட்டும் வேலையை விட்டு அனுப்புங்கள், திமிர் பிடித்த ஜென்மம்." மெயிலக்கா அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, சம்பள விஷயத்தை மட்டும் அண்ணனிடம் இரண்டு தடவை வாசித்தாள்.

இப்போது அந்த ஃபோம்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற இன்னொரு ஊரிலிருந்துதான் இவர்களுக்கு ஃபோம் வரும். அந்தக் கம்பெனிக்கும் சேல்ஸ், டெஸ்பாட்ச், குவாலிட்டி என்று ஐந்து முகவரி. ஒருநாள் காலையில் வர வேண்டிய லாரி மத்தியானம் மூன்றாகியும் வரவில்லை. அவளுடைய டெலிவரி அவர்களுடைய டெஸ்பாட்சுக்கு எழுதியது: "லாரி உருண்டு வருகிறதா, நடந்து வருகிறதா?"

பதில் வந்தது: "உருண்டுதான். நடுவில் டிரைவர் சாப்பிடுகிறார். சாப்பிடுகிறவரை எழுப்பக் கூடாது என்று என்னை வளர்த்துவிட்டார்கள்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் டெலிவரிக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா? காட்டமாக இன்னொன்று போட்டாள். அரை மணி நேரத்தில் அவர்களுடைய சேல்ஸிலிருந்து இவளுடைய பர்சேஸுக்கு ஒரு கடிதம்: "உங்கள் டெலிவரியிடம் நீங்களாவது சொல்லக் கூடாதா? எங்கள் டெஸ்பாட்ச் அழுகிறார்."

அன்றைக்கே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. அது உறுதியானது ஒரு வாரம் கழித்து. இரண்டு நாள் அந்தப் பக்கமிருந்து ஒரு வரி இல்லை. மூன்றாம் நாள் சேல்ஸ் எழுதியது: காய்ச்சல், மன்னிக்கவும். டெஸ்பாட்ச் எழுதியது: காய்ச்சல், மன்னிக்கவும். குவாலிட்டிக்கும் காய்ச்சல். மெயிலக்கா சிரித்த சிரிப்பில் தையல் மிஷின்கள் நின்றன. என்ன ஏது என்று அண்ணி ஊசியும் கையுமாக ஓடி வந்தாள். மெயிலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "உங்கள் ஆபீஸில் மொத்தம் எத்தனை நாற்காலி?"

ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "ஒன்று. அதிலும் ஒரு கால் ஆடும். உங்கள் ஆபீஸில்?"

"ஒன்று. கால் நாலும் சரியாக இருக்கிறது. உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. இரண்டு வருஷம் அந்த ஐந்தும் இந்த ஆறும் ஓயாமல் எழுதிக்கொண்டன. டெலிவரியில் சண்டை போட்டு பர்சேஸில் சமாதானம் ஆவார்கள். "இது சேல்ஸுக்கு மட்டும், டெஸ்பாட்சுக்குத் தெரிய வேண்டாம்" என்று ரகசியம் சொல்வார்கள். அவர்களுடைய குவாலிட்டி ஒருநாள் தயங்கித் தயங்கி, "உங்கள் அளவு டிபார்ட்மென்ட் சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டது. சாப்பிட்டாயிற்று என்று எழுத அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஃபோன் நம்பர் கேட்கலாமே என்று தையல் பெண்களில் ஒருத்தி சொன்னாள். "நானா கேக்கணும்? அவருக்கு என்ன, கை முளைக்கலையா?" என்று மெயிலக்கா வெடுக்கென்று சொன்னாள். அந்தப் பக்கமும் ஒருவேளை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்ததோ என்னவோ.

போன மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை, சேல்ஸிலிருந்து கடிதம் வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து ஃபோம் வேண்டுமென்றால் ஆப்பில் டிக் அடித்தால் போதும், மெயில் முகவரிகளை எல்லாம் மூடுகிறார்கள். "என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. இதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் நன்றி." ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

"நன்றியாம் நன்றி! யாருக்கு வேணும் இவர் நன்றி?" என்று மெயிலக்கா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினாள். பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அண்ணி எட்டிப் பார்த்தபோது கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டது என்றாள். மெத்தைக் கம்பெனியில் அது நம்பக்கூடிய பொய்தான். அண்ணி நம்பவில்லை, ஆனால் ஒன்றும் கேட்காமல் டீ கொண்டுவந்து வைத்தாள்.

இரவெல்லாம் யோசித்துவிட்டு செவ்வாய்க்கிழமை காலையில் வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எழுதினாள். அந்த நன்றிக் கடிதத்துக்குப் பதிலாக எழுத அவளுக்கு மனசு வரவில்லை. புதிதாக ஒரு கடிதத்தைத் திறந்தாள்.

"ஃபோம்காரரே, எனக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. சத்தமாகச் சிரிப்பேன். உங்கள் வீட்டில் உங்களுக்கென்று ஒருத்தர் இருந்தால் இதை அழித்துவிடுங்கள், நான் எழுதவும் இல்லை, நீங்கள் படிக்கவும் இல்லை. இல்லையென்றால் ஒருநாள் நேரில் வாருங்கள். உங்கள் ஆப்பில் என்னிடம் பேச ஒரு பட்டனும் இருக்காது. உங்களிடமிருந்து ஒன்றும் வராத நாளில் எனக்குக் கையும் ஓடுவதில்லை காலும் ஓடுவதில்லை. இதை எந்த டிபார்ட்மென்ட்டும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்."

படித்துப் பார்த்தால் தைரியம் போய்விடும் என்று படிக்காமலே அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, போனதைத் திறந்து பார்த்தாள். பார்த்தால் அது கம்ப்ளெயின்ட் முகவரியிலிருந்து போயிருந்தது. போன வாரம் ஒரு கத்தை ஸ்பிரிங் மோசமாக வந்து, முப்பது வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் யார் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பது என்று, புதுக் கடிதம் எல்லாம் கம்ப்ளெயின்ட் முகவரியிலிருந்தே போகும்படி வைத்திருந்தாள். திருப்பி மாற்ற மறந்துவிட்டாள். "நான் எழுதுகிறேன்" என்ற வரிக்குக் கீழே அது ஒட்டிக்கொண்டிருந்தது: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். மூன்று வேலை நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் எங்கள் மேலதிகாரியை அழைக்கவும்." அதற்கும் கீழே அண்ணனின் ஃபோன் நம்பர்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். பரவாயில்லை, அவர்தானே படிக்கப் போகிறார், அவருக்குப் புரியும், விழுந்து விழுந்து சிரிப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அவர் படிக்கவில்லை. அனுப்புகிறவர் முகவரியில் கம்ப்ளெயின்ட் என்று இருந்தால் அந்தக் கடிதம் குமாஸ்தா கண்ணில் படாமல் நேராக முதலாளியம்மா பெட்டிக்குப் போய்விடும்படி அங்கே ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே ஃபோம்காரர்தான்.

பதினொன்றரை மணிக்கு அண்ணனுக்கு ஃபோன் வந்தது. அண்ணன் ஒரு வட்ட மெத்தைக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"நான் ஃபோம் கம்பெனி மேடம் பேசறேன். உங்க கம்ப்ளெயின்ட் டிபார்ட்மென்ட்ல இருந்து எங்க ஆள் மேல ஒரு லெட்டர் வந்திருக்கு."

அண்ணன் கையிலிருந்த டேப் சுருண்டு விழுந்தது. "மேடம், எங்களுக்கு ஒரு குறையும் இல்லையே! உங்க ஃபோம் தங்கம் மேடம்!"

"ஃபோமைப் பத்தி இல்லைங்க, ஆளைப் பத்தி. படிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல மெயிலக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். அதற்குள் மேடம் படிக்க ஆரம்பித்துவிட்டார். முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, சத்தமாகச் சிரிப்பேன். ஒரு வார்த்தை விடாமல், நிறுத்தி நிதானமாக, மேலதிகாரியை அழைக்கவும் என்பது வரைக்கும் படித்தார். தையல் மிஷின் ஒவ்வொன்றாக நின்றது. மெயிலக்கா ஏதோ வயரைச் சரிபார்க்கிற மாதிரி மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

"எங்க கம்பெனில ஒரு சட்டம் உண்டு" என்றார் மேடம். "கம்ப்ளெயின்ட்னு வந்துட்டா, சம்பந்தப்பட்ட ஆள் நேர்ல போய் கஸ்டமரைப் பாத்து, ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டு வரணும். முப்பது வருஷத்துல நான் யாருக்கும் விட்டுக் குடுத்ததில்ல. வியாழக்கிழமை காலைல அவரை அனுப்பறேன். ஆனா லெட்டரை அவருக்குக் காட்டமாட்டேன். எழுதினவங்க வாயாலேயே சொல்லட்டும்."

ஃபோன் நின்றது. அண்ணன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"யாருடி அந்த ஆளு?"

"ஃபோம் அனுப்பறவரு."

"அது தெரியுது! எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு வருஷமா."

"என் கண்ணு முன்னாடியா?"

"உங்க கண்ணு முன்னாடிதான். நீங்கதானேண்ணே ஆறு முகவரி வெச்சுக் குடுத்தீங்க!"

அண்ணன் நிமிர்ந்தார். "தீர்வு கிடைக்கலைன்னா என்னை வேற கூப்பிடச் சொல்லியிருக்கா! நான் என்னடி தீர்வு குடுப்பேன்?" என்று அண்ணியைப் பார்த்தார்.

"ஆமா, பதினோரு வருஷமா நீங்க குடுத்த தீர்வுதான் தெரியுதே" என்றாள் அண்ணி. அதோடு அண்ணன் வட்டத்தை அளக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை டெஸ்பாட்சிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. "நாளை வருகிறேன். என் மேல் புகார் கொடுத்திருக்கிறீர்கள் என்று மேடம் சொன்னார். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், தெரியவில்லை. நீங்கள் என்னிடமே சொல்லியிருக்கலாம்." அதில் ஒரு கிண்டலும் இல்லை. மெயிலக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்று தடவை பதில் எழுதி மூன்று தடவையும் அழித்தாள். அந்தப் பெட்டியிலிருந்து எது எங்கே போகும் என்று அவளுக்கு இப்போது நம்பிக்கையே இல்லை. கடைசியில் "தப்பு ஒன்றும் இல்லை, வாருங்கள்" என்று மட்டும், எந்த முகவரி என்று நாலு தடவை சரிபார்த்து, பர்சேஸிலிருந்து அனுப்பினாள். பிறகு அண்ணனின் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் யாரிடமோ ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை பத்தே காலுக்கு அவர் வந்தார். மெயிலக்கா மனசுக்குள் வளர்த்து வைத்திருந்த உயரத்தில் நாலு விரல்கடை குறைவு. முன்வழுக்கை. சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது, கையில் ஒரு ஃபைல். வாசலில் நின்று, "கம்ப்ளெயின்ட் டிபார்ட்மென்ட் எங்கங்க?" என்றார். தையல் பெண்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் கையைக் காட்டினார்கள். அவர் அங்கே பார்த்தார், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதில் அவள். அவளும் பார்த்தாள். ஆறு விதமாகப் பதில் போடத் தெரிந்தவளுக்கு ஒரு விதமாகக்கூட வாய் வரவில்லை.

"உக்காருங்க" என்றாள் கடைசியில். உட்கார வேறு நாற்காலி இல்லை. அவர் பக்கத்தில் அடுக்கியிருந்த ஃபோம்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அது அவரை முழங்கால் வரைக்கும் உள்ளே வாங்கிக்கொண்டது. தையல் பகுதியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீங்க அனுப்பினதுதான்" என்றாள் மெயிலக்கா.

"தரம் நல்லாத்தான் இருக்கு" என்று அவர் உள்ளே இருந்தபடியே சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை. ஃபைலைத் திறந்து ஃபாரத்தை எடுத்தார். "புகார் என்னன்னு நீங்கதான் சொல்லணுமாம். லாரி லேட்டானப்ப எல்லாம் நான் மன்னிப்பு கேட்டிருக்கேன். அதுக்கு மேல என்னன்னு..."

அவள் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கடிதம் திறந்திருந்தது. அவர் கழுத்தை நீட்டிப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார். காது இரண்டும் சிவந்துபோயிற்று. அண்ணன் ஒரு மெத்தை உறையைக் கையில் வைத்துக்கொண்டு அதை மடிக்கிற மாதிரி நின்றார். அண்ணிக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"ஏங்க, வீட்ல யாராவது இருக்காங்களா?" என்றாள் நேராக.

"ஒரு மீன் தொட்டி இருக்குங்க" என்றார் அவர். "வேற யாரும் இல்லைங்க."

"அப்பாடா" என்று சொன்னது அண்ணன். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு உறையை மடிக்கத் தொடங்கினார்.

ஃபோம்காரர் கஷ்டப்பட்டு எழுந்து வந்து ஃபாரத்தை அவள் முன்னால் வைத்தார். "மூணு வேலை நாள்னு போட்டிருக்கீங்க. நான் ரெண்டே நாள்ல வந்துட்டேன்" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் அந்த மெயில் ஆள் தெரிந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவைத் தேடினாள், கண்ணாடியைத் தேடினாள், இரண்டையும் அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

புகாரின் விவரம் என்ற இடத்தில், "இவர் இனிமேல் எழுத மாட்டாராம்" என்று எழுதினாள். அடியில் ஒரு கேள்வி இருந்தது: புகார் தீர்ந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். மெயிலக்கா அழுத்தமாக 'இல்லை'யில் டிக் அடித்து, கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். "இல்லைன்னு போட்டா நான் அடுத்த வியாழக்கிழமையும் வரணும். தீர்ற வரைக்கும் வாராவாரம் வரணும், அதுதான் எங்க சட்டம். தெரியாம போட்டுட்டீங்க."

"தெரியும். நேத்து உங்க மேடத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன்."

அவர் ஃபாரத்தை மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் மெயிலக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். கஷ்டமா இருந்தா சொல்லுங்க, ஆம்னு மாத்திடறேன்" என்று கையை நீட்டினாள்.

ஃபோம்காரர் சட்டென்று ஃபாரத்தை ஃபைலுக்குள் வைத்து, ஃபைலை மூடி, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்ட பிறகு மாத்தக் கூடாதுங்க" என்றார்.